வேலை வாகனத்தில் கருவிகள்: அடுக்குதல், கட்டுதல், எண்ணுதல்

இந்தப் பாடம் யாருக்கு?

மீள்குடியேறிய கிராமங்களில் வீட்டு வேலை செய்யும் மேசன்மார், தச்சர்கள், மின்னிணைப்பு மற்றும் குழாய் வேலை செய்வோர், அவர்களை ஏற்றி இறக்கும் சாரதிகள் ஆகியோருக்காக இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது. வாழ்வாதார உதவியாகக் கருவித் தொகுதி பெற்றவர்களும், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பட்டா வாகனத்தையோ லான்ட்மாஸ்டரையோ பயன்படுத்தும் குழுக்களும் இதை ஒன்றாக இருந்து வாசியுங்கள். வீடு கட்டுவிக்கும் குடும்பங்களுக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு.

1. ஒரு நாள் வேலையின் பெறுமதி

சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் 2006 இல் போரினால் இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் ஆண்டுக்கணக்காகத் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தார்கள். 2015 இலும் 2016 இலும் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வீடு இருக்கவில்லை. காணியைத் துப்புரவாக்கி, அத்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. திருகோணமலை மாவட்டத்தின் வேறு பல மீள்குடியேற்றக் கிராமங்களிலும் இதே நிலைதான்.

வடக்கு கிழக்கில் நடந்த பெரிய வீடமைப்புத் திட்டங்கள் பலவற்றில், பயனாளியே முன்னின்று தன் வீட்டைக் கட்டும் முறை பின்பற்றப்பட்டது. 2012 இல் இந்த முறையில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அந்தப் பணம் ஒரே தடவையில் கிடைக்கவில்லை. ஒரு கட்டத்தை முடித்துக் காட்டிய பின்னரே அடுத்த கட்டத்துக்கான பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது.

இந்த முறையில் நாள் பிந்தினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுவர் மட்டத்துக்கு வராவிட்டால் கூரைக்கான பணம் வராது. கூரை போடுவதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டால் மாரி தொடங்கிவிடும். பிள்ளைகளோடு இன்னொரு மாரியையும் தறப்பாளின் கீழ் கழிக்க வேண்டும்.

நாள் பிந்துவதற்குப் பல காரணங்கள் உண்டு. மணல் வராமல் போகலாம், சீமெந்து விலை ஏறலாம். அவை உங்கள் கையில் இல்லை. ஆனால் தூக்குக்குண்டு வீட்டில் கிடக்கிறது, துளையிடும் இயந்திரத்தின் அலகு எங்கே என்று தெரியவில்லை, நீர்மட்டம் சுத்தியலுக்குக் கீழே கிடந்து உடைந்துவிட்டது என்பவை உங்கள் கையில் உள்ளவை. தூக்குக்குண்டை எடுத்துவர ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனால், அவர் திரும்பும்வரை மேசனும் கையுதவியாளும் மர நிழலில் இருப்பார்கள். சம்பூரிலோ அதற்கு அப்பாலோ வேலை என்றால் மூதூருக்குப் போய்வரவே நேரம் போய்விடும். திருகோணமலை நகரில்தான் அந்தச் சாமான் கிடைக்கும் என்றால் அன்றைய பொழுது முடிந்தது. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அன்றைய கூலியும் சாப்பாடும் வீட்டுக்காரரின் செலவுதான். அந்த வீட்டுக்காரர் கணவனை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் ஒரு தாயாகவும் இருக்கலாம்.

ஆகவே வாகனத்தை உங்கள் பட்டறையாக எண்ணுங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் அது வேறோர் இடத்துக்கு நகர்கிறது. பட்டறையில் இருக்க வேண்டிய ஒழுங்கு அதிலும் இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைக் கொண்டுவர மூன்று பழக்கங்கள் போதும்: அடுக்குதல், கட்டுதல், எண்ணுதல்.

2. முதலில் பிரித்தெடுங்கள்

எங்கள் பாடசாலைகளின் சுவரிலும் வைத்தியசாலைகளின் சுவரிலும் "5 எஸ்" என்ற அறிவித்தலைப் பலர் கண்டிருப்பீர்கள். யப்பானியத் தொழிற்சாலைகளில் உருவான ஒழுங்குமுறை அது. வேண்டாததை ஒதுக்குதல், இருப்பதை ஒழுங்குபடுத்துதல், துப்புரவாக வைத்தல், எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுதல், அதைப் பழக்கமாக்குதல் என்பவை அதன் ஐந்து படிகள். அலுமாரிக்குச் சொல்லப்படும் இந்த முறை லொறிக்கும் பொருந்தும்.

ஒரு ஓய்வு நாளில் வாகனத்தில் உள்ள எல்லாவற்றையும் இறக்கித் தறப்பாளில் பரப்புங்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதற் குவியல்: ஒவ்வொரு நாளும் தேவைப்படுபவை. மேசனுக்குச் சாந்தகப்பை, நூல், தூக்குக்குண்டு, நீர்மட்டம், மூலைமட்டம், மட்டப்பலகை, சுத்தியல், அளவுநாடா. தச்சருக்கு வாள், சீவுளி, உளிகள், கொட்டாப்புளி, ஆணிப்பெட்டி. எல்லோருக்கும் பொதுவாக மண்வெட்டி, அலவாங்கு, தாச்சி, வாளி.

இரண்டாவது: சில நாட்களில் மட்டும் தேவைப்படுபவை. கம்பி வளைக்கும் சாமான்கள், குழாய்க் குறடு, ஓடு அல்லது தரைக்கல் வெட்டும் இயந்திரம், ஜெனரேட்டர் போன்றவை. இவற்றை அந்த வேலை உள்ள நாளில் மட்டும் ஏற்றுங்கள்.

மூன்றாவது: உடைந்தவை, துருப்பிடித்தவை, எப்போதாவது உதவும் என்று சேர்த்து வைத்தவை. பிடி கழன்ற சுத்தியலுக்கு இன்றே பிடி போடுங்கள். போட முடியாவிட்டால் அது வாகனத்தில் இருக்கக் கூடாது. வளைந்த கம்பித் துண்டுகளையும் வெறும் சீமெந்துப் பைகளையும் நாள்தோறும் சுமந்து திரிந்தால் வீணாவது உங்கள் டீசல்தான்.

3. அடுக்கும் முறை

கொட்டியாரக் குடாவில் தொழில் செய்யும் மீனவர் வலையைப் படகில் எப்படி அடுக்குகிறார் என்று பாருங்கள். கடலில் முதலில் இறங்க வேண்டிய பகுதி மேலே இருக்கும். கடைசியில் இறங்குவது அடியில் இருக்கும். கரையில் நிதானமாக அடுக்கிய வலைதான் கடலில் சிக்காமல் போகும்.

உங்கள் வாகனத்துக்கும் அதே முறைதான். வேலைத்தளத்தில் முதலில் கைக்கு வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். அது பின்கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாலையில் மட்டும் தேவைப்படுவது முன்பக்கமாக உள்ளே போகலாம். உதாரணமாக, அத்திவாரம் வெட்டும் நாளில் மண்வெட்டி, அலவாங்கு, நூல், முளைகள் பின்பக்கம் இருக்க வேண்டும். பூச்சு வேலை நாளில் அவை உள்ளே போய், தாச்சி, சாந்தகப்பை, மட்டப்பலகை பின்பக்கம் வரும்.

அடுக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

அ. ஒரு தொழிலுக்கு ஒரு பெட்டி. மேசன் பெட்டி, தச்சுப் பெட்டி, மின்வேலைப் பெட்டி என்று வேறாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவரும் நிறத்தைப் பார்த்து எடுத்து வருவார். பெட்டி விலைக்கு வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை. பலகையில் அடித்த பெட்டியும், வாய் வெட்டிக் கழுவிய பிளாஸ்டிக் கானும் போதும்.

ஆ. நிரப்பிய பெட்டியை ஒருவர் தனியே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தூக்க முடியாத பெட்டியை இழுப்பார்கள். இழுத்தால் அது உடையும், இடுப்பும் பிடித்துக்கொள்ளும். பாரம் கூடினால் இரண்டு பெட்டிகளாக்குங்கள்.

இ. பெட்டியின் உட்பலகையில் ஒவ்வொரு கருவியையும் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, அந்த உருவத்துக்குள் நிறம் பூசுங்கள். கருவி இல்லாவிட்டால் வெறும் உருவம் மட்டும் தெரியும். விமானம் திருத்தும் கூடங்களில் இப்படிப்பட்ட நிழற்பலகைகள் உண்டு. அங்கே ஒரு சிறிய குறடு இயந்திரத்துக்குள் தவறிக் கிடந்தாலும் உயிராபத்து. உங்கள் பெட்டியில் அதே பலகை, எண்ணும் வேலையை ஒரு பார்வையில் முடித்துவிடும்.

ஈ. வெட்டும் முனைகளை மூடுங்கள். வாளின் பல்லுக்கு நீளவாக்கில் பிளந்த குழாய்த் துண்டு, உளிக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டு, மண்வெட்டிக்குச் சாக்கு. கை காயப்படாது, கருவியின் கூரும் கெடாது.

உ. நீர்மட்டம், மூலைமட்டம், அளவுநாடா ஆகியவற்றை ஒருபோதும் பாரமான சாமான்களோடு போடாதீர்கள். துணியில் சுற்றித் தனியே வையுங்கள். நீர்மட்டம் சரியாக உள்ளதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு தட்டையான இடத்தில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் இடம் வலமாகத் திருப்பி வைத்து மீண்டும் பாருங்கள். இரண்டு தடவையும் குமிழி ஒரே பக்கமாக, ஒரே அளவில் நின்றால் நீர்மட்டம் சரி, தளம்தான் சரிந்திருக்கலாம். மாறி நின்றால் நீர்மட்டம் பழுது. பழுதான மட்டத்தோடு எழுப்பிய சுவரைப் பிறகு திருத்த முடியாது.

4. பாரம் எவ்வளவு, எங்கே?

உங்கள் வாகனம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை உரிமையாளரிடம் கேட்டு, வாகனத்தின் ஆவணங்களிலும் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். சிறிய பட்டா வாகனம் தாங்குவது ஏறக்குறைய முக்கால் தொன், அதாவது 750 கிலோ. இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. 10 பை 500 கிலோ. கருவிகளும் பெட்டிகளும் 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சிறிய ஜெனரேட்டர் ஒன்று 40 கிலோ. 20 லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டு 40 கிலோ. மொத்தம் 730 கிலோ. வாகனம் நிறைந்துவிட்டது. இதற்கு மேல் 10 மில்லிமீற்றர் கம்பி 20 ஏற்றினால், 6 மீற்றர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 3.7 கிலோவாக, இன்னும் 74 கிலோ கூடும். ஆகவே கம்பியும் சீமெந்தும் வரும் நாளில் அவற்றுக்கு வேறு உழவு இயந்திரம் பிடியுங்கள். கருவி வாகனத்தில் கருவிகள் மட்டும் போகட்டும்.

பாரமானவை அடியில், இலேசானவை மேலே இருக்க வேண்டும். பாரம் இடது வலது இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பாரமெல்லாம் பின்கதவோடு ஒட்டி இருந்தால் வாகனத்தின் முன்பக்கம் இலேசாகும், திருப்பும்போது கைக்கு அடங்காது. ஜெனரேட்டர் போன்றவற்றைப் பின்சில்லுக்குச் சற்று முன்னே, தரையோடு வையுங்கள். லான்ட்மாஸ்டர் பெட்டியிலும் பாரம் அச்சுக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னே பாரம் கூடினால் கொளுவி மேலே எழும்பும். சாரதியின் கையில் பிடி நிற்காது.

5. கட்டாமல் புறப்படாதீர்கள்

வாகனம் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. குறுக்கே மாடு வருகிறது. சாரதி பிறேக் பிடிக்கிறார். வாகனம் நின்றுவிடும். கட்டாத அலவாங்கு நிற்காது. அது 40 கிலோமீற்றர் வேகத்திலேயே முன்னே போகும். இரண்டு மாடி உயரத்திலிருந்து, அதாவது 6 மீற்றருக்கும் மேலிருந்து விழும் அலவாங்கின் வேகம் அது. முன்னால் இருப்பது சாரதியின் முதுகு.

நீளமானவற்றை ஒன்றாகச் சேர்த்து இரண்டு இடங்களில் கட்டுங்கள். பெட்டிகளை ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் நெருக்கி வைத்து, மேலே குறுக்காகக் கயிறு போட்டு இறுக்குங்கள். வாகனத்தின் உட்பக்கத்தில் இரும்பு வளையங்கள் நாலு ஒட்டுவித்தால் கயிறு கட்ட இடம் தேட வேண்டாம். பழைய டியூப்பை நீளமாக வெட்டிய இறப்பர் பட்டி சிறிய சாமான்களுக்குப் போதும். பாரமானவற்றுக்குக் கயிறுதான் வேண்டும். குழாயோ மரமோ பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். கிண்ணியா, மூதூர் வீதியில் மாலையில் சைக்கிளில் வருபவர்களின் கண்ணுக்கு அது தெரிய வேண்டும். புறப்பட்டுச் சிறிது தூரம் ஓடிய பின் நிறுத்தி, கயிறு தளர்ந்துள்ளதா என்று ஒரு தடவை பாருங்கள்.

கருவிகளின் மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். நேரம் மிச்சம் என்று ஏணியின் மேலும் சீமெந்துப் பையின் மேலும் இருந்து போவது எங்கள் பகுதியில் வழமையாகிவிட்டது. ஒரு பள்ளத்தில் சில்லு விழுந்தால் ஆள் விழுவார். அவருக்கு மேலே சாமான் விழும்.

முதலுதவிப் பெட்டியைச் சாரதியின் இருக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். சாமான்களுக்கு அடியில் கிடக்கும் முதலுதவிப் பெட்டி இல்லாததற்குச் சமம். கட்டணமில்லாத அம்புலன்ஸ் சேவையின் இலக்கமான 1990 ஐ அதன் மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

6. பெற்றோல், வாயு, பற்றரி

பெற்றோலுக்கென்று செய்த, மூடி இறுகும் கானை மட்டும் பயன்படுத்துங்கள். குளிர்பானப் போத்தலில் பெற்றோல் கொண்டுபோகாதீர்கள். தாகமெடுத்த ஒரு பிள்ளை அதை எடுத்துக் குடிக்கக்கூடும். கானை நிரப்பும்போது வாகனத்திலிருந்து இறக்கி நிலத்தில் வைத்து நிரப்புங்கள். வாகனத்தில் இருந்தபடி நிரப்பினால் நிலைமின் பொறியினால் தீப்பற்றலாம். ஜெனரேட்டரின் எரிபொருட் குழாயைப் பூட்டி, இயந்திரம் ஆறிய பின் ஏற்றுங்கள்.

ஒட்டு வேலைக்கான வாயுச் சிலிண்டர்களை நிமிர்த்தி, வாய்மூடி போட்டு, சங்கிலியால் கட்டுங்கள். ஒட்சிசன் சிலிண்டரின் வாயிலோ இணைப்பிலோ எண்ணெயோ கிறீசோ படக் கூடாது, தீப்பற்றும். பற்றரியைச் சரியாமல் வையுங்கள். அதன் மேல் இரும்புக் கருவி விழாதபடி பலகையால் மூடுங்கள்.

7. உப்புக்காற்றும் மாரியும்

துறைமுகத்தை அண்டிய ஊர்களில் இரும்புக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்பு ஏறிய கடற்காற்று. மற்றது ஐப்பசி முதல் தை வரை பெய்யும் வாடை மழை. இடையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி பறந்து, துளையிடும் இயந்திரம், அரைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும்.

வேலை முடிந்ததும் சாந்து இறுகுவதற்கு முன் கருவிகளைக் கழுவுங்கள். நல்ல தண்ணீரில் கழுவுங்கள்; கடல் தண்ணீர் வேண்டாம். துடைத்து, காயவிட்டு, வாள், சீவுளி, உளி ஆகியவற்றுக்கு மெல்லியதாக இயந்திர எண்ணெய் பூசுங்கள். ஈரச் சாக்கில் சுற்றி இரவில் வைத்த உளி காலையில் துருவோடு இருக்கும். பெட்டியின் அடியில் சிறு துளைகள் இட்டு, உள்ளே இரண்டு மரச்சட்டங்கள் வைத்தால் தண்ணீர் தேங்காது. சீமெந்துப் பை ஏற்றும்போதும் அடியில் பலகை போட்டு, மேலே தறப்பாளால் மூடுங்கள்.

மாரிக்கு முன் ஒரு தடவை எல்லாக் கருவிகளையும் வெளியே எடுத்துத் திருத்துவது நல்லது. ஆயுத பூசை அந்தக் காலத்தில்தான் வருகிறது. கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வீடுகளில் அன்றைக்கே பிடிகளையும் கூரையும் பார்த்துவிடலாம். மற்றவர்கள் தங்களுக்கு வசதியான ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. எண்ணுதல்

ஒரு கொப்பியில் கருவிகளின் பெயர், எண்ணிக்கை, உரிமையாளர் ஆகியவற்றை எழுதுங்கள். காலையில் ஏற்றும்போது எண்ணுங்கள். மாலையில் ஏற்றும்போது மீண்டும் எண்ணுங்கள். மாலை எண்ணிக்கையே முக்கியம். வேலை முடிந்த களைப்பில், இருள் படரும் நேரத்தில்தான் சாந்தகப்பை மணற்குவியலில் புதைந்து போகும். எண்ணும் பொறுப்பு ஒரே ஆளுக்கு இருக்கட்டும்; கிழமைக்கு ஒருவராக மாற்றுங்கள். எல்லோரும் பொறுப்பு என்றால் யாரும் எண்ணமாட்டார்கள்.

உங்கள் கருவிகளில் அடையாளம் இடுங்கள். பிடியில் நிறம் பூசுங்கள். இரும்பில் உங்கள் எழுத்தை ஆணியால் குத்துங்கள். உதவியாகக் கிடைத்த கருவிகளுக்கான ஒப்படைப்புப் பத்திரத்தையும், வாங்கியவற்றின் பற்றுச்சீட்டையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள். களவு போனால் பொலிஸில் முறைப்பாடு செய்ய அவை வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் சொந்தமான பொதுக் கருவிகளை இரவல் எடுப்பவர் திகதியும் கையொப்பமும் இட வேண்டும். இது சந்தேகத்தால் செய்வதல்ல. பல ஆண்டு அலைந்து திரும்பிய அயலவர்களுக்கிடையே ஒரு சுத்தியலால் மனத்தாங்கல் வரக் கூடாது என்பதற்காக.

9. ஏற்றக் கூடாத ஒன்று

காணி துப்புரவாக்கும்போதோ அத்திவாரம் வெட்டும்போதோ இன்னதென்று தெரியாத உலோகப் பொருள் தென்பட்டால், அதைப் பழைய இரும்பு என்று நினைத்து வாகனத்தில் ஏற்றாதீர்கள். தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். வேலையை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, மற்றவர்களையும் அந்தப் பக்கம் போகவிடாமல் தடுத்து, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. அதைக் கிலோ கணக்கில் விற்று வரும் காசு ஓர் உயிருக்கு ஈடாகாது.

குழுவாகச் செய்து பாருங்கள்

1. உங்கள் வாகனத்தை இறக்கி, சாமான்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள். மூன்றாவது குவியலில் எத்தனை கிலோ இருந்தது?

2. நாளைய வேலை என்ன என்று தீர்மானியுங்கள். அதற்கு முதலில் தேவைப்படும் ஐந்து கருவிகள் எவை? அவை பின்கதவுக்குப் பக்கத்தில் உள்ளனவா?

3. உங்கள் நீர்மட்டத்தைத் திருப்பி வைத்துச் சோதியுங்கள்.

4. கடந்த மாதம் ஒரு கருவி இல்லாததால் எத்தனை மணித்தியாலம் வேலை நின்றது? அந்த நேரத்துக்கான கூலியைக் கணக்கிடுங்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை பை சீமெந்து வாங்கலாம்?

5. இந்தக் கிழமை எண்ணும் பொறுப்பு யாருக்கு? பெயரைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள்.